பெயரிடப்படாத குற்றம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பொன்றில் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நடத்திக்கொண்டிருந்தேன். பொற்கொல்லன் வந்து சொல்கிறான். தேவியின் ஊடலைத் தணிக்கப் போய்க்கொண்டிருக்கும் மன்னன், நின்று கேட்கவும் பொழுதில்லாமல் ஆணையிட்டுவிட்டுப் போகிறான். காவலருள் ஒருவன் வாளை வீசுகிறான். நடுவில் கோவலனை விசாரித்தறிய மன்னன் முற்படவே இல்லை. மாணவர்களுக்குக் கோபம் வந்தது. "விசாரணை என்று ஒன்று வேண்டாமா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆசிரியனாக எனக்கு நிறைவான நாள் அது.

அன்று பிற்பகல் அதே மாணவர்கள் வேப்பமரத்தடியில் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். வழிப்பறி வழக்கில் பிடிபட்ட இரண்டு இளைஞர்களின் படம். இருவருக்கும் வலது கையில் மாவுக்கட்டு. தப்பியோட முயன்றபோது வழுக்கி விழுந்தார்களாம். காலையில் கேள்வி கேட்ட மாணவியும் சிரித்தாள். "வேணும்தான் ஐயா இவங்களுக்கு" என்றாள்.

அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் இதே படங்களுக்கு இதே சிரிப்பு உண்டு. நானும் அதில் கலந்திருக்கிறேன். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் கழிப்பறைத் தரைகள் மட்டும் ஏன் இவ்வளவு வழுக்குகின்றன என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள். நடந்தது என்ன என்பது அச்சிட்டவருக்கும் படித்தவருக்கும் தெரியும். ஆனால் எழுத்தில் இருப்பது "வழுக்கி விழுந்தார்" என்ற இரண்டே சொற்கள்.

சொற்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் இந்த இடத்தில் சற்று நிற்கிறேன். ஒருவரை அடைத்துவைத்து வதைப்பதற்குத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. "கவனிப்பு" என்கிறோம். "விசாரிக்கிற விதத்தில் விசாரித்தால்" என்கிறோம். முட்டிக்கு முட்டி தட்டுதல், லாடம் கட்டுதல் என்று உறுப்புக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம். தெருவுக்கு இத்தனை சொற்கள் இருக்க, இந்த நாட்டின் தண்டனைச் சட்டம் சித்திரவதை என்ற பெயரில் ஒரு குற்றத்தை இன்றுவரை அறியாது. இக்கட்டுரை அந்த இல்லாமையைப் பற்றியது.

இதில் தமிழுக்குப் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1854இல் சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்கக் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. விசாரிக்க ஓர் ஆணையம் அமைந்தது. 1855இல் அதன் அறிக்கை வந்தது. அந்த ஆங்கில அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது விரல்களை இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையில் வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மொழி உலகுக்கு அளித்த கலைச்சொற்களில் இவையும் அடக்கம் என்பதை நம் மொழிப் பெருமை பேசுவோர் குறித்துக்கொள்ளலாம்.

வதை உண்மைதான் என்று ஒப்புக்கொண்ட ஆணையம், பழியைக் கீழ்நிலைச் சுதேசி ஊழியர்கள் மீது போட்டது. மேலே இருந்த வெள்ளை அதிகாரிகள் அறியவில்லை, அறிந்திருந்தால் பொறுத்திருக்க மாட்டார்கள் என்றது. 1857இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இந்த அறிக்கையைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. கீழே இருப்பவன் மட்டும் குற்றவாளி, மேலே இருப்பவர் அறியாதவர் என்ற அந்த வாய்பாடு இன்றும் காலாவதியாகவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆணையத்தால் பயன் இல்லாமல் போகவில்லை. வரி வசூலிக்கும் கையும் காவல் காக்கும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல்துறைச் சட்டம் வந்தது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம், காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. ஆனால் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு ஒரு புழைக்கடை வாசலைத் திறந்து வைத்தது: காவலில் இருப்பவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அவர் சொன்னது செல்லும். நகையைக் காட்டு, கத்தியைக் காட்டு என்று கேட்டு அடிப்பதற்குச் சட்டமே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அந்த வாசலை மூடவில்லை.

இனித் தண்டனைச் சட்டம். 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, ஒப்புதலைப் பெறுவதற்காகவோ பொருளை மீட்பதற்காகவோ ஒருவருக்குக் "காயம்" விளைவிப்பது குற்றம் என்கிறது. ஏழு ஆண்டு வரை சிறை. கொடுங்காயமானால் அடுத்த பிரிவில் பத்து ஆண்டு. பிரிவின் வாசகத்தில் சித்திரவதை என்ற சொல் இல்லை. ஆனால் கீழே தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகளில் அது இருக்கிறது: ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒருவரைச் சித்திரவதை செய்யும் போலீஸ் அதிகாரி, வரிபாக்கிக்காகச் சித்திரவதை செய்யும் வருவாய் அதிகாரி. நூற்பாவில் இல்லாத சொல் உரையாசிரியரின் எடுத்துக்காட்டில் மட்டும் வருவது போல. பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது பிரிவின் எண் 120 ஆயிற்று. சொல் எடுத்துக்காட்டிலேயே தங்கிவிட்டது. குடியேற்ற ஆட்சியின் சுவடுகளை அழிக்கிறோம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட சட்டம் இந்தச் சுவட்டை மட்டும் அப்படியே படியெடுத்துக்கொண்டது.

இதே நாட்டில் 1960இல் இயற்றப்பட்ட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். விலங்கை அடிப்பது, உதைப்பது என்ற வரிசையில் சித்திரவதை செய்வதும் பிரிவின் வாசகத்துக்குள்ளேயே இருக்கிறது. மாட்டுக்குக் கிடைத்த பெயர்ச்சொல் மனிதனுக்குக் கிடைக்கவில்லை. (அதற்கான அபராதம் நகைப்புக்குரியது என்பது வேறு கதை.)

"காயம்" என்றால் போதாதா, பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் படித்த நண்பர்களே கேட்கிறார்கள். இருப்பது இதுதான். 1984 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொது அவை சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது. அதன் முதல் உறுப்பு தரும் வரையறையின்படி, கடும் வலியோ வேதனையோ, உடலுக்கோ மனத்துக்கோ, வேண்டுமென்றே விளைவிக்கப்படுவது சித்திரவதை. தகவல் பெறுவதற்காக மட்டுமன்று. தண்டிப்பதற்காக, மிரட்டுவதற்காக, ஏதோ ஒரு வகையில் வேற்றுமை பாராட்டி விளைவிக்கப்பட்டாலும் சித்திரவதையே. அதை அரசு அதிகாரி தானே செய்திருக்க வேண்டும் என்பதுமில்லை. அவருடைய இசைவோடு, அல்லது அவர் கண்டும் காணாமல் இருக்க நடந்தாலும் போதும்.

இதை 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்ததன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரடங்கில் கடையை நேரம் தாண்டித் திறந்திருந்தார்கள் என்று தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களிடமிருந்து பெற வேண்டிய ஒப்புதல் எது? மீட்க வேண்டிய பொருள் எது? ஒன்றுமில்லை. பாடம் புகட்டுவதற்கு என்று நம் ஊரில் சொல்வார்களே, அதற்கு நம் 330ஆம் பிரிவில் இடமே கிடையாது, ஐ.நா. வரையறையில் அதுதான் நடுவில் நிற்கிறது. இருவரும் இறந்த பிறகு கொலைவழக்கு வந்தது. இறந்ததனால் வந்தது. உயிர் பிழைத்து வீடு திரும்பியிருந்தால் என்ன வழக்கு வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த இருவரும் காவல் நிலையத்துக்கும் மரணத்துக்கும் இடையில் மூன்று வாசல்களைக் கடந்தார்கள். அரசு மருத்துவமனை, நீதித்துறை நடுவர், கோவில்பட்டிக் கிளைச்சிறை. எந்த வாசலும் அவர்களைத் தடுத்து நிறுத்திக் காப்பாற்றவில்லை. டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் பதினொரு கட்டளைகளை விதித்தது 1996 டிசம்பரில். கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் அதில் உண்டு. ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகளாகக் காவல் நிலையச் சுவர்களில் அவை எழுதப்பட்டிருந்தன. அதே தீர்ப்பில், அரசமைப்போ தண்டனைச் சட்டங்களோ சித்திரவதையை வரையறுக்கவில்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள் என்பதை மேற்கோள் காட்டுவோர் மறந்துவிடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பு வந்து ஓராண்டுக்குள், 1997 அக்டோபர் 14 அன்று, இந்தியா ஐ.நா. உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. கையெழுத்து என்பது பன்னாட்டுச் சட்டத்தில் நிச்சயதார்த்தம் மாதிரி. ஏற்புறுதி என்ற தாலி ஏறினால்தான் கட்டுப்பாடு. நம் நிச்சயதார்த்தம் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்ற உடன்படிக்கை அது. பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை, சீனம் எல்லாம் ஏற்றுவிட்டன. ஐ.நா. மனித உரிமை அவையில் உறுப்புநாடுகளின் நிலையை முறைவைத்துப் பார்க்கும்போது 2008, 2012, 2017, 2022 என நான்கு சுற்றிலும் இது கேட்கப்பட்டது. உறுதியாக இருக்கிறோம் என்பதே நம் தரப்பு விடை.

உள்நாட்டில் என்ன செய்தோம்? 2010 மே மாதம் சித்திரவதைத் தடுப்பு மசோதா ஒன்று மக்களவையில் நிறைவேறியது. புகாருக்கு ஆறுமாதக் கெடு, வழக்குக்கு அரசின் முன் அனுமதி என்று பல்லைப் பிடுங்கிய மசோதா. மாநிலங்களவை அதைத் தேர்வுக்குழுவுக்கு அனுப்பியது; குழு ஓரளவு சீர்செய்து கொடுத்தது; 2014இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் மடிந்தது. 2017 அக்டோபரில் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையில் உடன்படிக்கையை ஏற்கச் சொல்லி, ஒரு வரைவு மசோதாவையும் தானே எழுதிக் கொடுத்தது. காவலில் ஒருவருக்குக் காயம் என்றால் அதைக் காவலர்களே விளைவித்ததாகக் கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டுவது அவர்கள் பொறுப்பு என்பது அதன் உயிர்நாடி. 1985இலேயே தன் 113ஆம் அறிக்கையில் ஆணையம் இத்தகைய அனுமானத்தைப் பரிந்துரைத்திருந்தது. உச்சநீதிமன்றமோ 2019இல், இப்படியொரு சட்டம் இயற்று என்று நாடாளுமன்றத்துக்குத் தன்னால் கட்டளையிட முடியாது என்று சொல்லிவிட்டது. அதிகாரப் பிரிவினை என்ற கோட்பாட்டின்படி அது சரியாகவே இருக்கலாம். அடிபட்டவருக்கு அந்தக் கோட்பாடு மருந்தாகாது.

எதிர்வாதங்களுள் எளியதை முதலில் பார்த்துவிடலாம். வெளிநாட்டான் நமக்குப் புத்தி சொல்வதா என்பது அது. அவசரநிலை முடிந்த 1977ஆம் ஆண்டிலேயே, ஒவ்வொரு நாடும் சித்திரவதைக்கு எதிராகத் தானே முன்வந்து அறிவிப்புச் செய்யட்டும் என்ற தீர்மானத்தை ஐ.நா. பொது அவையில் முன்வைத்த நாடு இந்தியாதான். புத்தியை நாம் சொன்னோம்; பிறர் கேட்டுக்கொண்டார்கள். தவிர, நம் நீதிமன்றங்கள் பன்னாட்டுச் சட்டத்திடமிருந்து கடன் வாங்கியே நம் உரிமைகளை வளர்த்திருக்கின்றன. குடிமை அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 1979இல் சேர்ந்தபோது, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு கோரும் உரிமை எங்கள் சட்டத்தில் இல்லை என்று இந்தியா ஒரு விலக்கைப் பதிவுசெய்தது. 1993இல் ஒரிசாவில் காவலில் மகனை இழந்த தாயின் வழக்கில், அதே உடன்படிக்கையை எடுத்துக்காட்டி உச்சநீதிமன்றம் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. அரசு வெளியே பூட்டிய கதவை நீதிமன்றம் உள்ளேயிருந்து திறந்தது.

ஏற்காததன் விலையையும் பாருங்கள். 1995 புருலியா ஆயுதவீச்சு வழக்கில் தேடப்படும் டென்மார்க் நாட்டவரை ஒப்படைக்க அந்நாட்டு நீதிமன்றங்கள் 2011இலும் 2024இலும் மறுத்தன. இந்தியாவில் அவர் வதைக்கப்படும் ஆபத்து உண்டு என்பது காரணம். 2025 பிப்ரவரியில் லண்டன் உயர்நீதிமன்றம் ஓர் ஆயுத ஆலோசகர் வழக்கிலும் திகார் சிறையைச் சுட்டி அவ்வாறே சொன்னது. ஆக, இந்தியக் காவல் வதையிலிருந்து பன்னாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு யாருக்குக் கிடைக்கிறது? வெளிநாட்டில் இருப்பவனுக்கு, வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவனுக்கு. சாத்தான்குளத்துக் கடைக்காரருக்கு இல்லை.

இரண்டாவது வாதம் வேப்பமரத்தடி வாதம்: குற்றவாளிக்கு மட்டும்தான் மனித உரிமையா? 2025 ஜூன் இறுதியில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் இறந்த கோயில் காவலாளி குற்றவாளியா? நகை காணவில்லை என்று ஒரு புகார். அதற்கு ஒரு தனிப்படை. இரண்டு நாட்களில் ஓர் உயிர். யாரோ ஒருவர் மறைந்திருந்து எடுத்த காணொளி வெளிவந்தது. வராதிருந்தால் வலிப்பு வந்து இறந்தார் என்பதோடு கோப்பு மூடப்பட்டிருக்கலாம். கோவலன் சிலம்பைத் திருடவில்லை என்று வாசகருக்கு முன்பே தெரியும். அதனால்தான் நமக்குக் கோபம் வருகிறது. திருடியிருந்தாலும் அந்தக் கொலை தகாது என்று சொல்ல நமக்கு வாய் வருமா? என் மாணவியிடம் நான் கேட்க மறந்த கேள்வி அது. என்னிடமும் அப்போது விடை தயாராக இல்லை.

மூன்றாவது வாதம்தான் கனமானது. சட்டம் வந்தால் மட்டும் நின்றுவிடுமா? இலங்கையைப் பார் என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். 1994 ஜனவரியில் இலங்கை உடன்படிக்கையை ஏற்றது. அதே ஆண்டு, குறைந்தது ஏழாண்டுச் சிறை என்று தனிச்சட்டமும் இயற்றியது. வதை நிற்கவில்லை, அதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. காரணம் பக்கத்தில் இருந்த இன்னொரு சட்டம். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியிடம் தந்த வாக்குமூலம் செல்லும் என்றது. தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த ஒருவர், சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் ரேகை வைத்ததாக 1995இல் தண்டிக்கப்பட்டார். தான் வாசிக்க முடியாத மொழியில் தன் ஒப்புதல். ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் அவர் பக்கம் தீர்ப்புரைத்தது. 2006இல் இலங்கை உச்சநீதிமன்றமோ, அந்தக் குழுவிடம் முறையிடும் வழியை ஜனாதிபதி ஏற்றதே அரசமைப்புக்கு முரண் என்று கதவைச் சாத்தியது.

இதிலிருந்து, சட்டம் வீண் என்ற முடிவுக்கு வருவது சோம்பல். ஒரு கையால் தடைசெய்ததை மறு கையால் அனுமதித்தார்கள் என்பதே இதில் தெரிவது. வங்கதேசம் 2013இல் தனிச்சட்டம் இயற்றியது. அதன்கீழ் காவலர்களுக்கு முதல் தண்டனை கிடைக்க 2020 ஆயிற்று. ஏழு ஆண்டுகள் தாமதம்தான். ஆனால் குற்றத்துக்குப் பெயர் இருந்ததால் அந்தப் பெயரில் தண்டிக்க முடிந்தது. நமக்கு அந்தத் தாமதத்தின் முதல் நாள்கூட இன்னும் தொடங்கவில்லை. இதற்கிடையில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், முன்பு முதல் பதினைந்து நாட்களுக்குள் முடிய வேண்டியிருந்த போலீஸ் காவலை நாற்பது அல்லது அறுபது நாட்களுக்குள் துண்டுதுண்டாக எடுத்துக்கொள்ள வழிசெய்திருக்கிறது. உடம்பில் வீக்கம் வடியக் காத்திருந்து மறுபடி அழைத்துப்போகலாம்.

இலக்கியவாதிகளாகிய நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. சந்திரகுமார் தம் காவல் அனுபவத்தை "லாக்கப்" என்று நாவலாக எழுதினார். வெற்றிமாறன் அதை "விசாரணை"யாக எடுத்தார். 2015இல் வெனிஸ் விழாவில் விருது பெற்றது. 2021இல் "ஜெய் பீம்" வந்தது. அழுதோம், விமர்சனம் எழுதினோம். அவற்றுக்கு முன்னும் பின்னும் மோதல்கொலைக் கதாநாயகனுக்கு அதே அரங்குகளில் விசிலடித்தோம். உத்தியைப் பற்றியும் ஒளிப்பதிவைப் பற்றியும் பேசத் தெரிந்த நாம், உடன்படிக்கை என்ற சொல் வந்ததும் அது வழக்கறிஞர்களின் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இக்குழுவில் எழுதும் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

டெல்லி ஏற்கும்வரை காத்திருக்க வேண்டுமென்பதும் இல்லை. உடன்படிக்கையை ஏற்பது ஒன்றிய அரசின் வேலை. ஆனால் காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில். சித்திரவதையை வரையறுத்து, மேலதிகாரியின் கண்டுகொள்ளாமையையும் குற்றமாக்கி, காவலில் நேர்ந்த காயத்துக்கு விளக்கம் தரும் பொறுப்பைக் காவலர்மேல் வைத்து, முன் அனுமதித் தடையை நீக்கித் தமிழ்நாடு சட்டமன்றமே ஒரு சட்டம் இயற்றலாம். ஒன்றியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது கிடைக்காது, கிடைத்தாலும் காலமாகும் என்பார்கள். 2017 ஜனவரி 23 அன்று இதே சட்டமன்றம், மேலே சொன்ன விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு ஜல்லிக்கட்டுக்காக ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. கடற்கரையில் லட்சக்கணக்கில் கூடியிருந்தோம். ஒப்புதல் பத்து நாட்களுக்குள் வந்துவிட்டது.